ஆடவல்லான் ஒரு மரக்காலின் பெயர்

"கலைக்கு விலை கிடையாது" என்று யாராவது சொன்னால், சொல்கிற ஆள் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் அவர் காசு கொடுக்க வேண்டிய பக்கத்தில் நிற்பார். காசு வாங்க வேண்டிய பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தால், அவருக்கு வேறு வருமானம் இருக்கிறது என்று அர்த்தம். நாட்டியம் சொல்லிக்கொடுத்து அதில் மட்டுமே வீட்டு வாடகை கட்டுகிற ஒருவர் இந்த வாக்கியத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்துக்கு எதிரானது. அது பார்க்க அழகான வாக்கியம்தான். ஆனால் ஒரு தொழிலாளியிடமிருந்து கூலியையும், பெயரையும், அந்தத் தொழிலுக்கு வேண்டிய விதிகளையும் பறிப்பதற்கு நூறு வருஷமாகப் பயன்பட்டுவருகிற வாக்கியம்.

நான் வாரத்தில் ஐந்து நாள் மென்பொருள் எழுதுகிறேன். சனி, ஞாயிறுகளில் அரியாங்குப்பத்தில் ஒரு வீட்டு மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, 16 குழந்தைகளுக்குப் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறேன். மாதம் 800 ரூபாய். போன வருடம் ஒரு குழந்தையின் அம்மா, கோபமாக இல்லை, உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார்: "மிஸ், நீங்க ஐடில இருக்கீங்க. இந்த எண்ணூறு ரூபா உங்களுக்கு ஒரு காசா? ஏதோ சேவையா பண்றீங்கன்னுல்ல நெனச்சோம்?"

"அக்கா, நான் சும்மா சொல்லிக்கொடுத்தா, அடுத்த தெருவுல கிளாஸ் எடுக்கறவங்க எப்படிக் காசு கேப்பாங்க?" என்றேன்.

அவருக்கு அந்தப் பதில் பிடிபடவில்லை. பொறியியல் படித்த என் நண்பர்கள் பலருக்கும் பிடிபடுவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

புதுச்சேரி அரசின் பாரதியார் பல்கலைக்கூடம் இருப்பது அரியாங்குப்பத்தில். இசையும் நடனமும் ஓவியமும் சிற்பமும் பட்டப்படிப்பாகச் சொல்லித்தரப்படும் இடம். எனவே எங்கள் ஊரில் நாட்டியத்தில் பட்டம் பெற்றவர் ஒன்றும் அபூர்வம் கிடையாது. நான்கு வருடம் காலையிலிருந்து மாலைவரை அடவு போட்டு, தாளம் எண்ணி, சாஸ்திரம் எழுதிப் பரீட்சை பாஸ் செய்தவர்கள். அவர்களில் ஒருவர் அடுத்த தெருவில் முழுநேரமாக வகுப்பு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 குழந்தைகள், ஆளுக்கு 800 ரூபாய், 24,000. இதில் இடத்துக்கு வாடகை, மின்சாரம், ஒலிப்பெட்டி. மே மாதம் பாதிப் பேர் வர மாட்டார்கள், அந்த மாதத்துக்குக் காசும் வராது. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் வீட்டில் முதலில் நிற்பது கேபிள் இணைப்பு அல்ல, டான்ஸ் கிளாஸ். ஆக, அந்த 24,000 என்பதே கணக்கில்தான், கையில் இல்லை.

இப்போது நான் வருகிறேன். மாதச் சம்பளம் வங்கியில் விழுகிற ஆள். "எனக்குக் காசு முக்கியமில்லைங்க, கலைதான் முக்கியம்" என்று இலவசமாக வகுப்பு ஆரம்பிக்கிறேன். அவருடைய 30 பேரில் 20 பேர் என் மாடிக்கு வந்துவிடுவார்கள். மீதிப் பத்துப் பேரின் பெற்றோர், "அங்க சும்மாவே சொல்லித்தராங்களே, நீங்க எதுக்கு எண்ணூறு?" என்பார்கள். ஊர் என்னைப் பாராட்டும். அவரைப் பணத்தாசை பிடித்தவர் என்னும். என் பெருந்தன்மைக்கான செலவை அவர் கட்டுவார்.

அதனால்தான் அவர் வாங்குகிற தொகையையே நானும் வாங்குகிறேன். அதில் ஒரு ரூபாய் குறைக்க மாட்டேன். சென்னையிலும் பெங்களூரிலும் வார இறுதியில் "பேஷனுக்காக" நாட்டியம் சொல்லிக்கொடுக்கிற ஐடி ஆட்கள் நிறைய. அவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: உங்களுக்குப் பணம் தேவையில்லை என்றால் வாங்கி யாருக்காவது கொடுங்கள். வாங்காமல் மட்டும் இருக்காதீர்கள்.

"பேஷன்" என்ற அந்தச் சொல்லை எங்கள் தொழிலில் இருப்பவர்களாவது சந்தேகப்பட வேண்டும். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஒரு மேலாளர், "வேலையில பேஷன் இருக்கிற ஆளுங்கதான் நமக்கு வேணும்" என்றால் என்ன அர்த்தம் என்று நமக்கு நன்றாகத் தெரியும். கூடுதல் வேலைக்குக் கூடுதல் சம்பளம் இல்லை என்று அர்த்தம். அலுவலகத்தில் இந்தத் தந்திரத்தைக் கண்டு சிரிக்கிற நாம், நாட்டிய வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றியதும் அதையே பக்தியோடு சொல்ல ஆரம்பிக்கிறோம்.

அரங்கேற்றச் செலவைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அரங்கத்துக்கு வாடகை உண்டு, முன்பணம் கட்டாமல் தேதி கிடைக்காது. பாட்டுக்காரர், மிருதங்கம், வயலின் அல்லது புல்லாங்குழல், ஒவ்வொருவருக்கும் தொகை உண்டு. ஒத்திகைக்குத் தனி. மேக்கப், தையல், கோயில் நகை செட், பூ, போட்டோ, வீடியோ, சாப்பாடு. எல்லாவற்றுக்கும் ரேட் இருக்கிறது. சாம்பாருக்குக் கூட இலைக்கு இவ்வளவு என்று கணக்கு. அந்தக் குழந்தையின் முழங்காலை எட்டு வருடம் வெளிப்பக்கமாகத் திருப்பிய ஆசிரியருக்கு மட்டும் ரேட் கிடையாது. அவருக்கு ஒரு தட்டு. வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு புடவை, ஒரு கவர். கவருக்குள் என்ன இருக்கும் என்று முன்கூட்டிக் கேட்பது அநாகரிகம். போட்டோக்காரர் கேட்டால் வியாபாரம், டீச்சர் கேட்டால் பேராசை.

இதனால் இன்னொன்றும் நடக்கிறது. கேட்க முடியாத காசை ஆசிரியர்கள் வேறு வழியில் எடுக்கப் பழகுகிறார்கள். உடை இந்தக் கடையில்தான், நகை அந்தக் கடையில்தான், பக்கவாத்தியம் நான் சொல்கிறவர்கள்தான் என்று ஆரம்பித்து நடுவில் ஒரு பங்கு. இதைப் பெற்றோர் முணுமுணுத்துப் பேசுவார்கள். நேராகக் கேட்கிற வாசலை அடைத்துவிட்டால் ஆட்கள் கொல்லைப்புறமாகத்தான் வருவார்கள். நேர்மையற்றவர்கள் என்று அவர்களைத் திட்டுவதற்கு முன் வாசலைத் திறந்துவைத்தோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, அந்த ஆசிரியர் அப்படி என்னதான் வேலை செய்கிறார்? கையில் தட்டுக்கழி, முன்னால் தட்டுப்பலகை. பத்துப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் தட்டடவு போடுகிறார்கள், 20 பாதங்கள். அதில் எந்தப் பாதம் முழுதாகத் தரையில் விழாமல் குதிகாலில் விழுகிறது என்று திரும்பிப் பார்க்காமலே காது சொல்லிவிடும். அந்தக் காது உருவாகப் பத்து வருடம் பிடிக்கும். அரைமண்டியில் உட்காரும்போது தொடை இடுப்பிலிருந்து திறக்க வேண்டும். திறக்காத பிள்ளை பாதத்தை மட்டும் வெளியே திருப்பி ஏமாற்றும். அந்தத் திருகல் முழுவதும் முழங்காலில் போய் உட்காரும். 9 வயதில் தெரியாது, 29 வயதில் தெரியும். எங்கள் மாடியில் சிமென்ட் தரை. மரத்தரையோ மண்தரையோ வாங்கிக்கொள்கிற அதிர்ச்சியைச் சிமென்ட் வாங்காது, அப்படியே எலும்புக்குத் திருப்பித் தரும். எந்தக் குழந்தையை எத்தனை நிமிடம் தட்டவிடலாம், யாரை எப்போது உட்காரச் சொல்ல வேண்டும் என்று முடிவெடுப்பதும் ஆசிரியரின் வேலைதான். தவறினால் ஒரு உடம்பு கெட்டுப்போகும். ஒரு உடம்புக்குப் பொறுப்பேற்கிற வேலையைச் சேவை என்று சொல்லித் தள்ளிவைக்க முடியாது. அது தொழில்.

"தொழில் என்று சொல்லாதீர்கள், இது தெய்வீகக் கலை, கோயிலில் பிறந்தது" என்பார்கள். ரொம்ப நல்லது, கோயிலுக்கே போவோம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் ராஜராஜன் காலத்து நீளமான கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல். பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று ஒவ்வொருவருக்கும் முகவரியோடு எழுதியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, அதாவது வருடத்துக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்பவர்களுக்கு ஆளுக்கு இரண்டு பங்கு. ஆடுகிறவரைவிடச் சொல்லிக்கொடுத்து ஆட்டுவிக்கிறவருக்கு இரு மடங்கு என்று கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். அதே பட்டியலில் பாடுவோர், கொட்டுவோர், கணக்கர், விளக்கேற்றுவோர், குயவர், வண்ணார், நாவிதர், தையல்காரர், தச்சர், தட்டார் எல்லோரும் வருகிறார்கள். அவரவர் வேலை, அவரவர் பங்கு. ஒருவர் இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ அடுத்த உறவினர் அந்த வேலையைச் செய்து அந்தப் பங்கைப் பெற வேண்டும். உறவினருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள வேறொருவரை வைத்துச் செய்வித்து, அந்தப் பங்கைப் பெற வேண்டும். இன்றைய வேலை ஒப்பந்தங்களில் நான் பார்க்கிற பிரிவுகளைவிட இது தெளிவாக இருக்கிறது.

அந்த நெல்லை அளந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான். தெய்வத்தின் பெயர், ஆடுகிற தெய்வத்தின் பெயர். அதை ஓர் அளவைக்கு வைத்து, அந்த அளவையால் ஆடுகிறவளின் கூலியை அளந்திருக்கிறார்கள். தெய்வீகமும் கூலியும் ஒரே பாத்திரத்துக்குள் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் சண்டையில்லாமல் இருந்திருக்கின்றன.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று கொண்டாட நான் வரவில்லை. அந்த 400 பேரும் அரச ஆணையால் பல ஊர்க் கோயில்களிலிருந்து இடம்பெயர்க்கப்பட்டவர்கள். நான் சொல்வது ஒன்றுதான். கோயிலைக் காட்டிக் கூலியை மறுக்கிறவர்கள் அந்தக் கோயில் சுவரைப் படிக்கவில்லை.

தஞ்சாவூர் தூரம், பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. அரியாங்குப்பத்தில் கடலூர் பஸ் ஏறினால் தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் கடலூர். அங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரம் போனால் கெடிலம் கரையில் திருவந்திபுரம். 1838இல் அந்த ஊரைச் சேர்ந்த ஐந்து ஆடல் பெண்களும் மூன்று இசைக்காரர்களும் ஒரு பிரெஞ்சு வியாபாரியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு புதுச்சேரியிலிருந்து கப்பல் ஏறினார்கள். ஆகஸ்டில் பாரிஸில் வரியேத்தே அரங்கில் ஆடினார்கள். அக்டோபரில் லண்டனில் அடெல்ஃபி அரங்கில். தெயோஃபீல் கோத்தியே என்ற பெரிய எழுத்தாளர் அம்மணி என்ற பெண்ணைப் பார்த்து உருகி எழுதினார். ழான் ஓகுஸ்த் பார் என்ற சிற்பி அவளை வெண்கலத்தில் வார்த்தார். கோத்தியே பிறகு சகுந்தலையை வைத்து ஒரு பாலேவுக்குக் கதை எழுதினார், 1858இல் அது மேடையேறியது. 1877இல் ரஷ்யாவில் மரியூஸ் பெத்திபா 'லா பயாதேர்' என்ற பாலேவை அமைத்தார், கோயில் நாட்டியக்காரியின் கதை. இன்றும் உலகம் முழுக்க ஆடுகிறார்கள். அதில் நம் அடவு ஒன்றும் இல்லை, கால் பெருவிரல் நுனியில் நிற்கிற பாலே அது.

இந்தக் கதையை நம் ஊரில் சொல்கிறவர்கள் "பார்த்தீர்களா, அப்போதே நம் கலை பாரிஸ் போனது" என்று பெருமையோடு நிறுத்திவிடுவார்கள். எனக்குப் படுவது வேறு. அவர்கள் வேலைக்குப் போனவர்கள். ஒப்பந்தம் போட்டு, கூலி பேசி, கடல் தாண்டியவர்கள். ஐரோப்பா அவர்களிடமிருந்து கனவை எடுத்துக்கொண்டு தொழிலாளியை விட்டுவிட்டது. பிறகு நாமும் அதையேதான் செய்தோம், இன்னும் கச்சிதமாக.

அது நடந்தது 1930களில். பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிந்தாக வேண்டியதுதான். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. விவரம் தெரியாத சிறுமியின் வாழ்க்கையை வேறு யாரோ முடிவுசெய்யும் ஏற்பாட்டைக் கலையின் பெயரால் காப்பாற்ற முடியாது. முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அந்த வலியை வெளியிலிருந்து பார்த்துப் பேசியவர்கள் அல்லர். 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது வேறு கதை.

ஆனால் அதே ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்தது. சதிர் என்ற பெயர் பரதநாட்டியம் ஆனது. வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் வாதாடினார், சென்னை மியூசிக் அகாதெமி மேடை கொடுத்தது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ருக்மிணி தேவி 1935 டிசம்பரில் அடையாறில் ஆடினார், அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா பிறந்தது. "நல்ல குடும்பத்துப் பெண்கள்" ஆடலாம் என்று ஆனது. நல்ல குடும்பம் என்பதற்கு அன்று என்ன அடையாளம்? ஆடிப் பிழைக்க வேண்டிய அவசியம் இல்லாத குடும்பம். காசு வாங்கி ஆடினால் தாசி, வாங்காமல் ஆடினால் கலைஞர். புதிதாக வந்தவர்கள் பழையவர்களிடமிருந்து தங்களைப் பிரித்துக்காட்ட ஒரு வேலி தேவைப்பட்டது. அடவும் ஒன்று, பாட்டும் ஒன்று, தாளமும் ஒன்று. பிரிக்க மிச்சமிருந்தது காசு மட்டும்தான். "நான் இதைப் பணத்துக்காகச் செய்யவில்லை" என்ற வாக்கியம் அந்த வேலியின் முதல் கம்பி.

அதாவது, இது ஆன்மிக வாக்கியமாகப் பிறக்கவில்லை. சாதி வாக்கியமாகப் பிறந்தது. இன்று அதைச் சொல்கிற பலருக்கு இந்தப் பிறப்பு தெரியாது. அவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வேலிக்கு மனசு கிடையாது, அது வேலி வேலையைத்தான் செய்யும்.

ருக்மிணி தேவிமேல் எல்லாவற்றையும் போடுவது சுலபம், அதை நான் செய்ய மாட்டேன். பாடத்திட்டம், பல ஆண்டுப் படிப்பு, சம்பளம் வாங்குகிற ஆசிரியர்கள் என்று நாட்டியக் கல்வியைப் பள்ளிக்கூடமாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் ஊர்ப் பல்கலைக்கூடம் மாதிரி இடங்கள் அந்த யோசனையின் பேரப்பிள்ளைகள்தாம். வேடிக்கை என்னவென்றால், அவர் செய்ததில் தொழில்சார்ந்த பகுதியை மறந்துவிட்டு, புனிதப் பேச்சை மட்டும் ஊரெல்லாம் மனப்பாடம் செய்திருக்கிறோம்.

புனிதம் பேசுகிறவர்கள் கடைசியில் பாலசரஸ்வதியைத் துணைக்கு அழைப்பார்கள். 1975இல் தமிழிசைச் சங்க மாநாட்டுத் தலைமை உரையில், ஒரு கச்சேரியின் வரிசையைக் கோயிலுக்குள் போவதற்கு ஒப்பிட்டார் அவர். அலாரிப்பு கோபுரம், பிறகு மண்டபங்கள், பதத்தில் கருவறை, தில்லானாவில் கற்பூர ஆரத்தி. தன் தொழிலை நாற்பது ஐம்பது வருடம் செய்த ஒருவர் அதைப் பற்றி யோசித்துச் சொன்ன மிகச் சிறந்த பேச்சுகளில் ஒன்று. ஆனால் அதைச் சொன்னவர் யார்? வீணை தனம்மாளின் பேத்தி. 7 வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். கந்தப்பா பிள்ளையிடம் கற்றவர். பெண்கள் பாடியும் ஆடியும் பிழைத்த வீட்டிலிருந்து வந்து, தானும் அப்படியே பிழைத்தவர். 1953இல் மியூசிக் அகாதெமியில் நாட்டியப் பள்ளி தொடங்கியவர். 1962 முதல் அமெரிக்காவில் வெஸ்லியன் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களில் கற்பித்தவர். ஆடுவதும் கற்பிப்பதும் அவருக்குப் பிழைப்பு, அதுவே கோயிலும். இரண்டையும் பிரித்து உவமையை மட்டும் எடுத்துக்கொண்டு பிழைப்பைக் கேவலம் என்பவர்கள் பாலாவின் பக்கம் நிற்கவில்லை. அவரை மேடையிலிருந்து தள்ளிவைத்த மரியாதையின் பக்கம் நிற்கிறார்கள்.

கூலி போனபோது பெயரும் கூடவே போனது. இதை நான் என் இன்னொரு தொழிலிலிருந்து பார்க்கிறேன்.

மென்பொருள் உலகில் திறந்த மூல உரிமங்கள் என்று உண்டு. மிகத் தாராளமான உரிமங்களில் ஒன்று எம்ஐடி உரிமம். எடுத்துக்கொள், மாற்று, விற்றுக்கொள், ஆனால் எழுதியவரின் காப்புரிமைக் குறிப்பையும் இந்த அனுமதிக் குறிப்பையும் அழிக்காதே. அவ்வளவுதான் நிபந்தனை. அத்தனை இலவசத்துக்கும் நடுவில் பெயர் நிற்கும். எவரோ எழுதிய இருபது வரி நிரலுக்கு இருக்கிற இந்த மரியாதை, ஒரு நட்டுவனார் இரவெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கட்டிய தீர்மானத்துக்கு இல்லை. அழைப்பிதழில் "பாரம்பரியம்" என்று ஒரே சொல். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், ஜாவளி, தில்லானா என்று இன்று எல்லா அரங்கேற்றத்திலும் வருகிற வரிசையை 19ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தியவர்கள் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்கிற தஞ்சை நால்வர். ஒரு வர்ணத்துக்கு ராகமும் தாளமும் அச்சிடுவோம். அந்த வர்ணத்துக்கு இந்த ஜதியைக் கோத்தது யார், இந்த சஞ்சாரியை அமைத்தது யார் என்று அச்சிட மாட்டோம். பாரம்பரியம் ஜதி கட்டாது. ஆள்தான் கட்டும்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினையும் அல்ல. 1957ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டம் நடன அமைப்பை நாடகப் படைப்பு என்ற வகையில் சேர்த்திருக்கிறது. எழுத்திலோ வேறு வடிவிலோ அது பதிவாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் தன் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் படைத்தவருக்கே விட்டுவைக்கிறது. சட்டம் தயாராக இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஜதியை எழுதித் தேதி போடுகிற பழக்கம்தான் இல்லை. என் மாணவிகள் எல்லோரிடமும் ஒரு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு கோர்வைக்கும் கீழே கட்டியவர் பெயரை எழுதிய பிறகுதான் அடுத்த பக்கம். சலங்கை பூஜை அழைப்பிதழிலும் அப்படியே.

இந்த இடத்தில் சினிமாவைச் சொல்லாமல் விட முடியாது. கிளாசிக்கல் ஆட்கள் குறைவாகப் பேசுகிற இடம் அது. அங்கே டைட்டிலில் நடன இயக்குநர் பெயர் வருகிறது. பெப்சி கூட்டமைப்பில் நடனக் கலைஞர்களுக்குச் சங்கம் இருக்கிறது, அட்டை இருக்கிறது, ஒரு நாள் வேலைக்கு இவ்வளவு என்று இருக்கிறது. அங்கே எல்லாம் நியாயம் என்று சொல்லவில்லை. ஆனால் நாம் கொச்சை என்று ஒதுக்கிய இடம் ஆடுகிறவரைத் தொழிலாளியாகவாவது பார்த்தது. நாம் தெய்வமாக்கி, பட்டினி போட்டோம்.

கூலி, பெயர். மூன்றாவது, விதி. எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது.

ஆசிரியரைத் தொழிலாளி என்று ஏற்காவிட்டால் அவர் குருவாக மட்டும் மிஞ்சுகிறார். குருவுக்குச் சம்பளப் பட்டியலும் இல்லை, நடத்தை விதியும் இல்லை. அடிக்கலாம், திட்டலாம், அவரைக் கேட்காமல் வேறு மேடையில் ஆடினால் ஒதுக்கிவைக்கலாம். "குருவை எதிர்த்துப் பேசாதே" என்ற பாடம் முதல் நமஸ்காரத்திலேயே உடம்பில் ஏறிவிடுகிறது. 2023 மார்ச்சில் கலாக்ஷேத்ரா மாணவிகள் பாலியல் தொல்லைப் புகார்களோடு வளாகத்திலேயே உட்கார்ந்து போராடினார்களே, அவர்கள் உடைத்தது அந்தப் பாடத்தைத்தான். தேசியப் புகழ் கொண்ட நிறுவனத்திலேயே குரல் வெளியே வர அவ்வளவு பாடு என்றால், அரியாங்குப்பத்திலோ வில்லியனூரிலோ பாகூரிலோ ஒரு வீட்டு மாடியில் நடக்கிற வகுப்பில் ஒரு பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்?

தொழில் என்று சொன்னால் ஆசிரியரும் கட்டுப்பட வேண்டும். என் வகுப்பில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கட்டணம், விடுமுறை, எந்த வயதில் சலங்கை, எத்தனை வருடத்துக்கு முன் அரங்கேற்றப் பேச்சே கிடையாது, குழந்தையின் உடம்பைத் திருத்தும் முன் சொல்லிவிட்டுத்தான் தொடுவேன், வகுப்பு நேரத்தில் பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். "என்ன மிஸ், கம்பெனி மாதிரி இருக்கு" என்று ஒருவர் சிரித்தார். ஆமாம், அப்படித்தான் இருக்க வேண்டும். கூலி கேட்கிற உரிமையும் கேள்விக்குப் பதில் சொல்கிற கடமையும் ஒரே தாளின் இரண்டு பக்கங்கள். குருதட்சணை முறை ஆசிரியருக்கு முதல் பக்கத்தை மறுத்தது, அதற்குப் பதிலாக இரண்டாம் பக்கத்திலிருந்து விடுதலை கொடுத்தது. இந்தப் பண்டமாற்றில் நஷ்டப்பட்டவர்கள் குழந்தைகள்.

கடைசியாக ஒரு எதிர்வாதம் வரும், அது நியாயமானதும்கூட. "800 ரூபாய் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்?" வீராம்பட்டினத்தில் வலை இழுக்கிறவர் வீட்டுப் பெண்ணுக்கும் பாகூரில் வயல் வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பெண்ணுக்கும் நாட்டியம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளையின் கட்டணத்தை இன்னொரு ஏழையான நாட்டிய ஆசிரியர் ஏன் கட்ட வேண்டும்? கணக்கு ஏழைப் பிள்ளைக்கும் இலவசம்தான். கணக்கு வாத்தியாரைச் சேவை செய்யச் சொல்லி அதைச் சாதிக்கவில்லை. அரசுப் பள்ளி கட்டி, வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்துச் சாதித்தோம்.

கலை என்று வரும்போது அரசும் தட்டில் வெற்றிலை வைக்கிற ஆள்தான். தமிழ்நாட்டில் 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடியதை வருடாவருடம் செய்தியில் பார்த்தோம். கலை பகுதிநேரம், கலை ஆசிரியரின் பசியும் பகுதிநேரம் என்று நினைத்துவிட்டார்கள் போல. எங்கள் ஊரிலோ நாட்டியத்தில் பட்டம் கொடுக்கிற அரசுக் கல்லூரி இருக்கிறது. அதில் படித்து வருகிறவர்களைக் கொம்யூன் தோறும் அரசுப் பள்ளிகளில் முழுநேர ஆசிரியராக வைத்தால், அந்த வலைக்காரர் வீட்டுப் பெண் ஒரு ரூபாய் இல்லாமல் கற்பாள். அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவரும் மாசம் முதல் தேதி சம்பளம் வாங்குவார். கேட்க வேண்டிய இலவசம் இதுதான்.

அதுவரைக்கும் இதை வாசிக்கிறவர்கள் செய்யக்கூடியது சின்ன விஷயம். உங்களில் பலருக்கு அக்கா பெண்ணோ, நண்பரின் தங்கையோ எங்கேயாவது நாட்டியம் கற்றுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வீட்டில் அரங்கேற்றப் பேச்சு எடுக்கும்போது, மண்டபமும் கேட்டரிங்கும் பேசி முடிப்பதற்கு முன்னால், "டீச்சருக்கு எவ்வளவு?" என்று சத்தமாகக் கேளுங்கள். ஒரு நொடி எல்லோரும் சங்கடப்படுவார்கள். படட்டும். தொகையைப் பேசி முடித்து, தாளில் எழுதி, மற்றவர்களுக்கு மாதிரியே முன்பணமாகக் கொடுங்கள். அழைப்பிதழில் பாரம்பரியம் என்று வந்தால் அடித்துவிட்டு யார் கட்டிய ஜதி என்று கேட்டுப் போடச் சொல்லுங்கள். புடவையும் வெற்றிலையும் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் நெல்லை அளங்கள். அளக்கிற மரக்காலுக்கு எந்தச் சாமி பெயர் வேண்டுமானாலும் வையுங்கள்.